யப்பான் மீனுக்கு ஜீவகாருண்யம்

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் காணி, கைது, தேர்தல், வெள்ளம் என்று எழுதிக்கொண்டிருந்தவன் இப்போது ஒரு மீனைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். பழைய ஆசிரியபீட நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். பிடித்த மீனைச் சட்டியில் போடுவதா, குளத்தில் போடுவதா என்ற கேள்வியில் எங்கள் குடும்பம் ஓரிரவு முழுவதும் ஒருவரோடொருவர் முகம் கொடுக்காமற் படுத்தது. எழுதுவதற்கு அது போதிய காரணம் என்றே நினைக்கிறேன்.

சென்ற ஆவணியில் வட்டக்கச்சியில் அக்கா வீட்டில் ஐந்து நாட்கள் நின்றேன். ரொறன்ரோவிலிருந்து தம்பியும் மனைவியும் பதினான்கு வயது மகனும் வந்திருந்தார்கள். சுவிஸின் பேர்ண் நகரிலிருந்து அக்காவின் மகளும் மருமகனும். அக்கா நல்லூர்க் கொடியேற்றத்திலிருந்து மச்சம் தொடாதவர். தேரும் தீர்த்தமும் முடிந்து, வைரவர் மடையும் ஆன மறுநாள்தான் "இனிப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ" என்று உத்தரவு பிறந்தது. எங்களை இரணைமடுவுக்கு அனுப்பிவிட்டு அவர் பழப்புளியை ஊறப்போட்டு, மண்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

இரணைமடுவை அறியாதவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. கனகராயன் ஆற்றை மறித்து ஆங்கிலேயர் காலத்தில், 1902 அளவில் வேலை தொடங்கிக் கட்டிய குளம் அது. வட்டக்கச்சி, இராமநாதபுரம் முதற்கொண்டு பரந்தன் வெளிவரை நெல் விளைவது அதன் தண்ணீரில். எங்கள் தகப்பனார் 1950களின் குடியேற்றத்தோடு குடாநாட்டிலிருந்து இங்கு வந்தவர். மார்கழியில் வான் பாயும்போது பார்த்தால் கடல் போலிருக்கும். 2018 மார்கழியில் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியே வெள்ளத்தில் நின்றதை நானே செய்தியாக்கியிருக்கிறேன். ஆவணியில் அது வேறு குளம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் போய், கரை உள்வாங்கி, காய்ந்து வெடித்த சேற்றில் மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். எஞ்சிய நீர் நண்பகலில் கைசுடும். இந்தச் சூட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

தம்பி கனடாவிலிருந்து மடக்குத் தூண்டில் ஒன்றும், பெட்டி நிறைய இறப்பர்ப் புழுக்களும் வர்ணத் தகடுகளும் கொண்டுவந்திருந்தார். ஒரு மணித்தியாலம் வீசியும் எங்கள் மீன்கள் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் தடியும் தங்கூசியுமாக நின்ற ஒரு முதியவர் இரங்கி, சிரட்டையிலிருந்து நான்கைந்து மண்புழுக்களை எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகு நடந்தது வேறு கதை. பெறாமகன் அரை மணித்தியாலத்தில் நான்கு யப்பான் மீன்களைப் பிடித்தான். ஒவ்வொன்றும் என் கையை விரித்தால் அதற்கும் மேல். பிள்ளையின் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் மறைக்கப்போவதில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

முதல் மீனைக் கழற்றி, இரண்டு கையாலும் ஏந்தி, தாய் படம் எடுக்க நின்றான். கோணம் சரிவரவில்லை, இன்னொரு முறை எடுத்தார்கள். பின்னர் குனிந்து அதைத் தண்ணீரில் விட்டான். இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவதும் போகவே முதியவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் தம்பி, மீன் பழுதோ?"

உயிரோடு துடிக்கும் மீனை ஒருவர் வீசுவதற்கு அவர் அறிந்த ஒரே காரணம் அதுதான். தம்பி சிரித்து, "இல்லை ஐயா, நாங்கள் பிடிச்சிட்டு விடுறனாங்கள்" என்றார். முதியவர் தன் மிதப்பைப் பார்த்தபடி ஒன்றும் பேசாமல் நின்றார். நான்காவது மீன் முள்ளை உள்ளே விழுங்கியிருந்தது. கழற்றச் சுணங்கிற்று. விட்ட இடத்திலேயே பக்கம் சாய்ந்து, வயிற்றைக் காட்டி, மெல்ல மெல்ல வெளியே மிதந்து போனது. கரையில் நின்ற கொக்குகளுக்கு அது பெரிது. ஒரு பருந்து வந்து எடுத்துப் போனது. பெறாமகன் அதைப் பார்க்கவில்லை, பார்க்கவேண்டாம் என்று தம்பி அவனை மறுபக்கம் திருப்பிவிட்டார். அந்தத் திருப்பலில்தான் எனக்கு முதற் கோபம் வந்தது.

வீட்டில் அக்கா கேட்டது ஒரே சொல். "எத்தினை?"

"நாலு, மாமி."

"எங்க?"

"விட்டிட்டம்."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஊறிய புளியைக் கத்தரிக்காய்க் குழம்புக்கு ஊற்றினார்.

இரவு முற்றத்தில் கதை தொடங்கியது. தம்பி நியாயவான், முட்டாள் அல்லர். ஒன்ராறியோ ஏரிகளில் பத்து வருடமாகப் பாஸ் மீன் பிடிக்கிறார். சனிக்கிழமை விடியப்புறம் மகனையும் ஏற்றிக்கொண்டு போனால் மாலையில்தான் வீடு திரும்புவார். "அண்ணை, இதுவரைக்கும் ஒண்டு வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. பிடிக்கிறது, படம் எடுக்கிறது, விடுறது. மீனுக்குக் குடுக்கிற மரியாதை அது. இஞ்ச இருக்கிற சனத்துக்கும் அதைப் பழக்கவேணும். குளம் வெறுமையாப் போகுது எண்டு நீங்கள்தானே எழுதிறியள்" என்றார். குளக்கட்டில் இரண்டு விடுதி போட்டு, வெளிநாட்டாருக்குத் தூண்டில் கொடுத்துக் காசு பார்க்கலாம் என்ற யோசனையும் கூடவே வந்தது. சுற்றுலா என்ற சொல்லைக் கேட்டாலே என் வயிறு கலங்கும். அதை விட்டுவிடுகிறேன்.

அதுவரை வாய் திறவாமல் இருந்த மருமகன் மெதுவாகச் சொன்னார்: "மாமா, எங்கட நாட்டில உதுக்குத் தண்டம் கட்டவேண்டி வரும்."

அவர் சொன்னது சரி. சுவிற்சர்லாந்தின் 2008 ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், திருப்பி விடும் எண்ணத்தோடு தூண்டில் போடுவதையே தடை செய்கின்றன. அளவிற் சிறியது அகப்பட்டால் விடலாம், விடவேண்டும். ஆனால், உண்ணும் நோக்கமே இல்லாமல் ஓர் உயிரின் வாயில் முள்ளைக் குத்தி இழுத்து விளையாடுவது அங்கே வதை. ஜேர்மனியிலும் தக்க காரணமின்றி விலங்குக்கு நோவு கொடுத்தல் குற்றம், பொழுதுபோக்கு அத்தகைய காரணமாகப் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. ஒரே முற்றத்தில் இரண்டு புலம்பெயர் நாடுகள். ஒன்றில் விடுவது கண்ணியம், மற்றதில் விடுவது குற்றம். இரண்டையும் வட்டக்கச்சிக்கு இறக்குமதி செய்தால் எங்கள் மீன் நடுவானில் தொங்கவேண்டியதுதான்!

பிறர் நாட்டுப் பழக்கம் என்பதற்காக மட்டும் நான் எதையும் தள்ளுபவன் அல்லன். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவன். அமெரிக்காவில் பாஸ் பிடிப்பதைப் பெரும் போட்டியாக்கியவர் அலபாமாக்காரரான றே ஸ்கொட். 1968 இல் அதற்கென ஒரு சங்கம் அமைத்தார். போட்டி முடிவில் நிறுத்துக் காட்டிய மீன்கள் செத்துக் குவிந்து கிடப்பதைக் கண்டு ஊரார் முகம் சுளிக்கவே, 1972 இலிருந்து உயிரோடு விடும் வழக்கத்தைப் புகுத்தினார். தேவைக்கு மேல் பிடித்தவர்கள் தங்கள் மிகையைத் திருத்திக்கொண்ட வழி அது. அவர்களுக்கு அது நல்லதே. நூறு படகுகள் ஓர் ஏரியில் இறங்கும் ஊரில் எல்லோரும் பிடித்ததையெல்லாம் கொண்டுபோனால் ஏரி என்னாவது? ஆயினும் இரணைமடுக் கட்டில் தடியோடு நிற்கும் முதியவருக்கு அந்த நோய் இல்லை. இல்லாத நோய்க்கு ஏன் மருந்து?

ஒன்ராறியோவின் விதிகளையும் தம்பி அரைவாசிதான் சொன்னார். முழு அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் அங்கே ஆறு பாஸ் வரை வைத்திருக்கலாம், குறைந்த கட்டணப் பத்திரக்காரர் இரண்டு. அரசாங்கமே எந்த ஏரியின் மீனை மாதத்துக்கு எத்தனை தரம் உண்ணலாம் என்று வழிகாட்டி வெளியிடுகிறது. பிடித்தவன் உண்பான் என்பதை அங்குள்ள சட்டம் மறக்கவில்லை. மறந்தது சனிக்கிழமைக் கூட்டந்தான்.

வைகாசியில் அங்கே பாஸ் பிடிக்க ஏன் தடை என்றும் அவரைக் கேட்டேன். தெரிந்திருந்தது. ஆண் பாஸ் ஏரித்தரையில் பள்ளம் பறித்து, முட்டையையும் குஞ்சையும் இரவு பகலாகக் காவல் காக்கும். அதைத் தூண்டிலில் இழுத்துப் படம் எடுத்துவிட்டுத் திருப்பி விட்டாலும், அது கூட்டுக்கு மீளுமுன் வேறு மீன்கள் முட்டையைத் தின்றுவிடும். ஒன்ராறியோவின் ஒப்பினிக்கன் ஏரியில் ஆய்வாளர்கள் இதைப் பல வருடங்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். தகப்பன் உயிரோடு போகும், பிள்ளைகள் போய்விடும். விட்டேன் என்று மார்தட்டுபவன் இந்தக் கணக்கைச் சேர்ப்பதில்லை.

நம்முடைய விராலும் அதே குணம். சிவப்புத் தூசு போலக் குஞ்சுகள் நீர்மட்டத்தில் திரளும், கீழே தாயும் தகப்பனும் நிற்கும். அந்தத் திரளின் நடுவே ஒரு தவளைக் குஞ்சை முள்ளிற் கொளுவிப் போட்டால், பிள்ளைக்கு ஆபத்தென்று பாய்ந்து கவ்வும். பசியால் அல்ல. வாய்க்காலில் அப்படிப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு விராலுக்காக என் தகப்பனார் என்னை அடித்தது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அப்போது பத்து வயது. விராலுக்குச் சாம்பல் போட்டு உரஞ்சும் அம்மாவின் கையையும் அவர் தடுத்துவிட்டார். "குஞ்சோட நிண்டதைச் சாப்பிட்டால் வயித்தில தங்காது" என்றார். விஞ்ஞானம் அல்ல, ஒழுங்கு. விரலளவு மீன் ஏறினாலும் விடச் சொல்வார். ஆக, விடுதல் என்பதைக் கனடாவிலிருந்து வந்து யாரும் எங்களுக்குப் படிப்பிக்க வேண்டியதில்லை. எங்களிடம் இருந்த விடுதலுக்கு மீனின் நன்மை காரணமாக இருந்தது. தம்பியின் விடுதலுக்குப் படம் காரணம்.

இனி, அந்த நான்கு மீன்கள் யார் என்றாவது பார்க்கவேண்டாமா? நாங்கள் யப்பான் என்று அழைக்கும் மீன் ஆபிரிக்காவுக்குரியது, உலகம் திலாப்பியா என்கிறது. 1952 இல் இலங்கைக் குளங்களில் கொண்டுவந்து விடப்பட்டது, ஏழை மக்களுக்குப் புரதம் கிடைக்கட்டும் என்பதற்காக. தாய் முட்டையை வாய்க்குள் வைத்தே பொரிக்கும், அதனால் எந்தக் குளத்திலும் தானாகப் பெருகும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இதே மீன் அகப்பட்டால் தண்ணீரில் திருப்பி விடுவது சட்டவிரோதம். செத்த தாயின் வாயிலுள்ள முட்டைகூடப் பிழைக்கலாம் என்று அஞ்சுகிறார்கள். உண்பதற்கென்றே கொண்டுவரப்பட்டு, உண்ண உண்ணப் பெருகும் ஒரு மீனுக்குத்தான் நாங்கள் ஜீவகாருண்யம் காட்டினோம். குளத்தில் குஞ்சாக விடப்படும் கட்லா, றோகு போன்ற கெண்டையினங்களோ எங்கள் குளங்களில் தாமாக இனப்பெருக்கம் செய்வதில்லை. வளர்ந்த ஒரு கட்லாவைத் திருப்பி விட்டு இனம் பெருகட்டும் என்று காத்திருப்பவர் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதுதான்.

மீனுக்கு நோகாது என்றும் ஒரு வாதம் வந்தது. 2003 இல் பிரித்தானியாவில் லின் ஸ்னெடன் என்பவரும் அவருடன் சேர்ந்தோரும் ட்ரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விசத்தையும் அசற்றிக் அமிலத்தையும் ஏற்றிப் பார்த்தார்கள். அவை இரை மறுத்தன, சில உதட்டைக் கொண்டுபோய்ச் சரளைக்கல்லில் உரஞ்சின. இன்றுவரை இதில் விவாதம் உண்டு. ஆனால், நோகுமோ நோகாதோ என்று தெரியாத இடத்தில் விளையாட்டுக்கு முள் குத்துபவன் எந்தப் பக்கம் நிற்கிறான்? விட்ட மீன் பிழைக்கும் என்பதும் முழு உண்மையன்று. பல ஆய்வுகளைத் திரட்டி 2005 இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டில், தூண்டிலிலிருந்து விடப்பட்டவற்றில் சராசரி 18 வீதம் பின்னர் இறந்ததாகக் கண்டார்கள். முள்ளை ஆழ விழுங்கினால் கூடும், நீர் சூடானால் கூடும். ஆவணி மாதத்து இரணைமடுவின் சூட்டைத்தான் முதலிலேயே சொன்னேனே.

உண்பதற்காகக் கொல்பவன் ஓர் உயிரைக் கொன்றேன் என்று அறிந்திருக்கிறான். அக்கா மீன் அரியும்போது பேசமாட்டார். விட்டுவிட்டு வீடு திரும்புபவனோ தான் ஒன்றையும் கொல்லவில்லை என்று நம்பி, வழியில் பொரித்த கோழி வாங்கி உண்கிறான். தம்பியும் அன்று கிளிநொச்சியில் அதைத்தான் வாங்கிவந்தார். நான் இட்டுக்கட்டவில்லை.

இந்த நாட்டில் மீனுக்குக் கருணை காட்டி மனிதனைப் பட்டினி போட்ட வரலாறும் உண்டு. 1990 இல் பிரேமதாச அரசாங்கம், மத அடிப்படையில் எழுந்த எதிர்ப்பை அடுத்து, நன்னீர் மீன்பிடிக்கு அரசு கொடுத்துவந்த ஆதரவை அடியோடு விலக்கியது. குளங்களில் குஞ்சு விடுவது நின்றது, வலைக் கண்ணளவைக் கண்காணிப்பதும் நின்றது. கருணையின் பயனாகக் குளங்களில் மீன் பெருகியதா? இல்லை. தட்டிக் கேட்க ஆளில்லாத இடத்தில் சிறுகண் வலைகள் இறங்கின, குளத்து மீன் உற்பத்தி நாடளவில் பெரிதும் விழுந்தது. 1994 இல் ஆட்சி மாறிய பின்னரே அந்தக் கொள்கை திருத்தப்பட்டது. அதே 1990 ஆனியில்தான் போர் மறுபடி தொடங்கிற்று. எரிபொருளும் உரமும் மின்கலமும் வடக்கே வரத் தடை விழுந்தது. திலாப்பியாவுக்கு இரங்கிய அரசுதான் எங்கள் விளக்குக்கு மண்ணெண்ணெய் தர மறுத்தது.

2009 தை மாதம் 2 ஆம் திகதி கிளிநொச்சி விழுந்தது. அந்த மாதத்திலேயே வட்டக்கச்சியும் கிழக்கு நோக்கி எழுந்து நடந்தது. அக்காவும் அத்தானும் பிள்ளையும் நடந்தார்கள். அத்தான் திரும்பி வரவில்லை. அதை இங்கே விரிக்கமாட்டேன். மாத்தளனில் இருந்தபோது அரிசிக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற நாட்களில், பக்கத்துக் கூடாரத்துக் கிழவி ஒருத்தி இரணைமடு மீன்குழம்பு வைக்கும் முறையை ஒவ்வொரு இரவும் முதலிலிருந்து கடைசிவரை சொல்வாளாம், எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்களாம். புளி எவ்வளவு, எப்போது தேங்காய்ப்பால், எப்போது இறக்குவது. அக்கா இதை எனக்குச் சொன்னது ஒரே ஒரு தடவை. அன்று இரவு முற்றத்தில் மரியாதை, மரியாதை என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து உள்ளே போனார். தம்பிக்குக் காரணம் விளங்கவில்லை. நான் சொன்னேன், கடுமையாகவே சொல்லிவிட்டேன். அதன் பின்னர்தான் ஒருவரும் பேசவில்லை.

2021 இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்து, மறு ஆண்டு மண்ணெண்ணெயும் பெற்றோலும் இல்லாமற் போனபோது கடலுக்குப் படகு போகவில்லை. அப்போதும் வன்னியின் சட்டிகளுக்குக் கைகொடுத்தது குளத்து மீன்தான். குளம் வெறுமையாகிறது என்று நான் எழுதியது உண்மை. சிறுகண் வலையைப் பற்றி எழுதினேன், குஞ்சு விடும் பருவம் தவறுவதைப் பற்றி எழுதினேன், கோடையில் நீர்மட்டம் அடிக்குப் போவதைப் பற்றி எழுதினேன். தடியும் தங்கூசியும் வைத்திருக்கும் கிழவர் கொண்டுபோகும் மூன்று மீனைப் பற்றி ஒருநாளும் எழுதவில்லை. மீனில் உண்மையான அக்கறை உள்ள புலம்பெயர் உறவுகள் குஞ்சு விடுவதற்குக் காசு சேர்த்து, குளத்தை நம்பிய நன்னீர் மீனவரிடம் கொடுக்கலாம். அதற்குப் படம் எடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. தூண்டில் போடும் ஆசை மட்டும் இருந்து மீன் உண்ணும் ஆசை இல்லாவிட்டால், குளக்கட்டில் காற்று வாங்கிவிட்டு வரலாம். நல்ல காற்று.

மறுநாள் காலை பெறாமகன் என்னிடம் தனியே வந்தான். "பெரியப்பா, வீட்டில எத்தினை பேர்?" என்று கேட்டான். ஏழு என்றேன். இருவரும் மோட்டார் சைக்கிளில் போனோம். அதே முதியவர் அதே இடத்தில் நின்றார், கேளாமலே சிரட்டையை நீட்டினார். ஏறிய ஒரு சிறியதை, கேட்காமலே அவன் விட்டான். முதியவர் தலையாட்டினார். பத்து மணிக்கு வெயில் ஏறிவிட்டது, ஐந்தோடு எழும்பினோம்.

ஏழு பேருக்கு ஐந்து மீன். அக்கா துண்டுகளை எண்ணிப் போட்டார். மருமகன் தனக்குக் குழம்பு மட்டும் போதும் என்றார். தம்பி முதலில் தொடவில்லை, பிறகு இரண்டாம் முறையும் சோறு கேட்டார். முள் எடுக்கத் தெரியாத பெறாமகனுக்கு அக்கா பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தார். தலைகளில் இரண்டு எனக்குக் கிடைத்தன.